போனை முதல் தடவை ரூட் பண்ணப் போறீங்களா? எந்த வழி, எந்த போன்ல

போன மாசம் திருச்சில இருந்து எங்க சித்தி பையன் கூப்பிட்டான், பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம் படிக்கிறான். "அண்ணே, போனை ரூட் பண்ணணும், எந்த ஆப் போட்டா ஆகும்?"னு கேட்டான். எதுக்குடா ரூட்டுனு கேட்டா கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "கிளாஸ்ல எல்லாரும் பண்றாங்கண்ணே, போன் வேகமாகுமாம்"ன்னான். அவன் கேட்டது ஒரு ஆப்போட பேரு, ஆனா அவன் முடிவு பண்ண வேண்டியது வேற, ரூட்டே வேணுமா இல்ல ரூட் இல்லாமலே வேலை ஆகுமா, வேணும்னா எந்த போன்ல, எந்த முறைல. மூணு நாள் சாயங்காலம் உக்காந்து பேசினோம். அவனுக்கு சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், முதல் தடவை இறங்குற எல்லாருக்கும் இதே குழப்பம்தான் வருது.

ரூட்னா என்னன்னு சுருக்கமா. ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடுறது லினக்ஸ் கெர்னல், அதாவது ஹார்ட்வேருக்கும் ஆப்புக்கும் நடுவுல நின்னு எல்லாத்தையும் நடத்துற மைய புரோகிராம். அதுல ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி யூசர் நம்பர் குடுத்து வெச்சிருக்காங்க, ஒரு ஆப் இன்னொரு ஆப்போட ஃபோல்டரைத் திறந்து பாக்க முடியாது, சிஸ்டம் ஃபைல்ல கை வைக்க முடியாது. இதுல நம்பர் 0 வெச்சிருக்கிற யூசர்தான் ரூட், அவனுக்கு எந்தக் கதவும் பூட்டு கிடையாது. நாம ரூட் பண்றதுன்னா, நாம சொல்ற ஆப் மட்டும் அந்த 0 நம்பர் யூசரா ஓடுறதுக்கு ஒரு வழி பண்ணி வைக்கிறது. இதுனால போன் வேகமாகாது. தேவையில்லாத ஆப்பைத் தூக்கினா கொஞ்சம் லேசாகும், அதை ரூட் இல்லாமலே தூக்கலாம். அதனால வேகத்துக்காகத்தான் ரூட்டுன்னா அந்த யோசனையை இங்கயே விட்டுடுங்க.

அவனை ஒரு பேப்பர் எடுத்து என்னென்ன வேணும்னு எழுதச் சொன்னேன். அவன் எழுதினது இதுதான்: விளம்பரம் வரக்கூடாது, கம்பெனி போட்டுக் குடுத்த குப்பை ஆப் எல்லாம் போகணும், சார்ஜ் 80 சதவீதத்துல தானா நிக்கணும், ஆப்பை டேட்டாவோட சேத்து பேக்கப் எடுக்கணும், ஸ்கிரீன்ல எழுத்து ரொம்பப் பெருசா தெரியுது அதைக் குறைக்கணும், கடைசியா "சும்மா, உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்". அந்தக் கடைசி ஆசைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நானும் அதுக்காகத்தான் பல வருஷம் முன்னாடி இதுக்குள்ள வந்தேன்.

இதுல மூணுக்கு ரூட் தேவையே இல்ல. விளம்பரத்தை எடுத்துக்குவோம். ஆண்ட்ராய்டு 9ல இருந்து பிரைவேட் டிஎன்எஸ்னு ஒரு செட்டிங் இருக்கு (வெப்சைட் பேரை முகவரியா மாத்திக் குடுக்கிற சர்வரை நாமே தேர்ந்தெடுக்கிறது), நெட்வொர்க் செட்டிங்குக்குள்ள போய் ஆட்கார்ட் மாதிரி விளம்பரம் தடுக்கிற சர்வீஸோட முகவரியைப் போட்டா ஆப்புக்குள்ள, பிரவுசருக்குள்ள வர்ற பாதிக்கு மேல விளம்பரம் அப்படியே நின்னுடும். ரூட் பண்ணி ஆட்அவேங்கற விளம்பரத் தடுப்பு ஆப் போட்டாலும் அது பண்றது கிட்டத்தட்ட இதே வேலைதான், விளம்பர சர்வர் பேரையெல்லாம் போனுக்குள்ள பேரும் முகவரியும் எழுதி வெச்சிருக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல எழுதி எங்கயும் போகாத முகவரிக்குத் திருப்பி விடுது. யூட்யூப் விளம்பரம் ரெண்டுலயும் நிக்காது, ஏன்னா வீடியோ வர்ற சர்வர்ல இருந்தேதான் விளம்பரமும் வருது, பேரை வெச்சு பிரிக்க முடியாது. இதுக்காக ரூட் பண்ணிட்டு ஏமாந்தவங்களை நான் நிறைய பாத்திருக்கேன்.

குப்பை ஆப் தூக்குறதுக்கு ஏடிபி போதும், அதாவது கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்குக் கட்டளை அனுப்புற கருவி. டெவலப்பர் ஆப்ஷனை ஆன் பண்ணி, அதாவது அபௌட் போன்ல பில்ட் நம்பரை 7 தடவை தட்டி, ஷாவ்மினா அந்த எடத்துல மியுஐ (ஷாவ்மியோட ஆண்ட்ராய்டு வடிவம்) வெர்ஷனை, புது ஹைப்பர் ஓஎஸ் போன்னா ஓஎஸ் வெர்ஷனைத் தட்டணும், யூஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணி கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு ஆப்பை யூசர் 0க்கு மட்டும் அன்இன்ஸ்டால் பண்ணச் சொல்லலாம். (இந்த 0 போனோட முதல் சொந்தக்காரரைக் குறிக்கிற 0, மேல சொன்ன ரூட் நம்பர் வேற, பேரு ஒண்ணா இருக்கறதால முதல்ல எல்லாரும் குழம்புவாங்க.) ஆப் சிஸ்டத்துல அப்படியே இருக்கும், நம்ம கணக்குல மட்டும் காணாம போயிடும், ஃபேக்டரி ரீசெட் பண்ணா திரும்ப வந்துடும். கம்ப்யூட்டர் இல்லாதவங்க ஷிசுக்குன்னு ஒரு ஆப் போட்டுக்கலாம், ஆண்ட்ராய்டு 11ல இருந்து வயர்லெஸ் டீபக்கிங் இருக்கிறதால போன் தனக்குத்தானே ஏடிபி குடுத்துக்குது, அதுக்கு மேல கான்டான்னு ஒரு ஆப் போட்டா லிஸ்ட்ல டிக் பண்ணி தூக்கிடலாம். எழுத்து சைஸ் சமாச்சாரம் டெவலப்பர் ஆப்ஷன்லயே ஸ்மாலஸ்ட் விட்த்னு இருக்கு, நம்பரைக் கொஞ்சம் ஏத்தினா முடிஞ்சது.

இதுலயும் கவனம் வேணும். ஷாவ்மி போன்ல ஃபைண்ட் டிவைஸ் சம்பந்தப்பட்ட ஆப்பைத் தூக்கினா அடுத்த ரீஸ்டார்ட்ல போன் லோகோவிலயே நின்னு சுத்தும், ரீசெட் பண்ணாம வெளிய வராது. அதனால ஒரு ஆப் என்ன பண்ணுதுன்னு தெரியாம தொடவேண்டாம், ஒரே நேரத்துல முப்பது ஆப்பைத் தூக்காம ரெண்டு ரெண்டா தூக்கி ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

அப்போ ரூட்டுக்குன்னு நிஜமா மிஞ்சினது சார்ஜ் லிமிட், முழு டேட்டா பேக்கப், அப்புறம் அந்த உள்ள பாக்குற ஆசை. சார்ஜ் லிமிட்டை இப்ப நிறைய புது போன்ல கம்பெனியே செட்டிங்ல குடுத்துட்டாங்க, உங்க போன்ல இருக்கான்னு முதல்ல பேட்டரி செட்டிங்ல தேடிப் பாருங்க. அதுல இல்லைன்னாதான் ஏசிசின்னு ஒரு ரூட் மாட்யூல் (ரூட் பண்ணின போன்ல கூடுதலா போடுற சின்ன பொதி) வழி. பேக்கப்புக்கு நியோ பேக்கப், ஸ்விஃப்ட் பேக்கப் எல்லாம் ரூட் குடுத்தாதான் ஆப்போட உள் டேட்டாவையும் சேத்து எடுக்கும்.

சரி, இவ்வளவுக்கு அப்புறமும் ரூட் வேணும்னா அதுக்கு என்ன விலை குடுக்கணும்? அந்த விலையோட பெரும்பங்கு ரூட்டுக்கு முன்னாடியே, பூட்லோடரை அன்லாக் பண்ற நிமிஷத்துலயே போயிடுது. இதை யாரும் முதல்ல சொல்ல மாட்டேங்கறாங்க, அதனால நிதானமா சொல்றேன்.

போன் ஆன் ஆகும்போது முதல்ல ஓடுறது பூட்லோடர். அது கெர்னல் இருக்கிற பூட் பார்ட்டிஷனை (ஸ்டோரேஜ்ல அதுக்குன்னு ஒதுக்கின பகுதி) எடுத்து, அதுல கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து சரியா இருக்கான்னு பாத்துட்டுதான் ஓட விடும். ரூட்டுக்காக அந்தப் பகுதில இருக்கிற பூட் ஃபைலை நாம மாத்தினா கையெழுத்து பொருந்தாது, போன் ஏத்துக்காது. அதுக்காகத்தான் அன்லாக். அன்லாக் பண்ற அந்த நொடி போன்ல இருக்கிற மொத்த டேட்டாவும் அழிஞ்சிடும். அது பாதுகாப்புக்காக வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க, திருடினவன் அன்லாக் பண்ணி உங்க போட்டோவை எடுக்கக்கூடாதுன்னு. போட்டோ மட்டும் காப்பி பண்ணிட்டு உக்காந்தா போதாது, லாகினுக்கு ரெண்டாவது கோடு குடுக்கிற ஆதென்டிகேட்டர் ஆப்ல இருக்கிறது எல்லாம் போயிடும், வாட்ஸ்அப்போட ஃபோல்டரைத் தனியா கம்ப்யூட்டருக்கு எடுக்கணும், யூபிஐ திரும்ப எஸ்எம்எஸ் அனுப்பி ரிஜிஸ்டர் பண்ணணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஆதென்டிகேட்டரை மறந்துட்டு ஒரு வாரம் ஆஃபீஸ் மெயிலுக்குள்ளயே போக முடியாம இருந்தாரு.

அடுத்தது பணம் சம்பந்தப்பட்ட ஆப். கூகுள் ப்ளே இன்டெக்ரிட்டின்னு ஒரு சோதனை வெச்சிருக்கு, முன்னாடி சேஃப்டிநெட்னு இருந்ததுக்குப் பதிலா வந்தது. ஒரு பேங்க் ஆப் கூகுள்கிட்ட "இந்த போன் நம்பலாமா"னு கேக்கும், கூகுள் மூணு படில பதில் சொல்லும், பேசிக், டிவைஸ், ஸ்ட்ராங்னு. பூட்லோடர் அன்லாக் ஆன போன், ரூட்டே பண்ணலைன்னாலும், டிவைஸ் படில தோத்துடும். அதுக்கப்புறம் அந்த ஆப் உள்ள விடுறதும் விடாததும் அந்த பேங்க்கோட முடிவு. சில ஆப் ஒண்ணும் சொல்லாது, சிலது திறந்த உடனே மூடிக்கும், சிலது இன்னைக்கு ஓடிட்டு அடுத்த அப்டேட்ல மூடிக்கும். எனக்கு இப்படித்தான் ஆச்சு, ஆறு மாசம் ஒழுங்கா ஓடின பேங்க் ஆப் ஒரு நாள் மெடிக்கல் கடை கவுண்டர்ல நிக்கும்போது "இந்த டிவைஸ் பாதுகாப்பானது இல்ல"னு சொல்லி மூடிக்கிச்சு, கைல காசு கிடையாது, அம்மாவோட மாத்திரையை எடுத்து வெச்சுட்டுப் போங்கன்னு சொல்லிட்டு ஏடிஎம் தேடி நடந்தேன்.

இதை மறைக்கிறதுக்கு மாட்யூல் எல்லாம் இருக்கு. ஒரு மாசம் வேலை செய்யும், கூகுள் அந்த ஓட்டையை அடைக்கும், வேற ஒண்ணு வரும். அதுலயும் இப்ப நிறைய பேரு எங்கேயோ கசிஞ்ச சாவி ஃபைலை வாங்கிப் போட்டுதான் ஓட்டுறாங்க, கூகுள் அந்தச் சாவியை ரத்து பண்ணா மறுபடி முதல்ல இருந்து. உங்க சம்பளம் வர்ற அக்கவுண்ட் இருக்கிற போன்ல இந்த ஓட்டம் வேண்டாம்ங்கறது என் தீர்மானமான கருத்து.

இன்னும் சின்னச் சின்னதா சில இழப்பு இருக்கு. சில போன்ல வீடியோ காப்பி பாதுகாப்பான வைட்வைன் எல்1ல இருந்து எல்3க்கு இறங்கிடும், நெட்ஃபிளிக்ஸ் எச்டில வராது. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ஒரு எச்சரிக்கை ஸ்கிரீனோ திறந்த பூட்டு படமோ வரும். வாரண்டி விஷயத்துல கம்பெனிக்கு கம்பெனி மாறும், வாரண்டி இருக்கிற போன்னா இல்லைன்னு நெனச்சுட்டே இறங்குங்க.

எந்த கம்பெனி போன்ங்கறதும் முடிவை மாத்தும். கூகுள் பிக்சல், நத்திங் இதுல எல்லாம் டெவலப்பர் ஆப்ஷன்ல ஓஇஎம் அன்லாக்கிங் ஆன் பண்ணிட்டு ஃபாஸ்ட்பூட்ல (பூட்லோடர் கம்ப்யூட்டரோட பேசுற மோடு) ஒரு கட்டளை குடுத்தா முடிஞ்சது. மோட்டோரோலா வெப்சைட்ல ஒரு கோடு வாங்கணும். ஷாவ்மில அக்கவுண்டை போனோட இணைச்சுட்டு பொதுவா 168 மணி நேரம், அதாவது முழுசா 7 நாள் காத்திருக்கணும், நடுவுல பொறுமை இல்லாம மறுபடி இணைச்சா கடிகாரம் முதல்ல இருந்து ஓடும். மியுஐக்குப் பதிலா ஹைப்பர் ஓஎஸ் வந்த பிறகு இன்னும் இறுக்கிட்டாங்க, ஷாவ்மி கம்யூனிட்டி ஆப்ல அனுமதி கேக்கணும், அது ஒரு நாளைக்கு இவ்வளவு பேருக்குத்தான்னு பெய்ஜிங் நள்ளிரவுக்குத் திறக்கும், நமக்கு ராத்திரி 9:30 மணி, திறந்த கொஞ்ச நேரத்துல தீந்துடும். விவோ, ஐக்யூ போன்களுக்கு கம்பெனி வழியா அன்லாக் கிடையாது, அதை வெச்சிருக்கிறவங்க ஷிசுக்குவோட நிறுத்திக்கலாம். ஹுவாவே 2018லயே கோடு குடுக்கிறதை நிறுத்திடுச்சு.

சாம்சங் தனிக் கதை. அதுல நாக்ஸ்ங்கற பாதுகாப்புக்குன்னு ஒரு இ-ஃபியூஸ் சிப்புக்குள்ள இருக்கு, ரூட் பண்ணின ஃபைல் ஏத்தின உடனே அது 0ல இருந்து 1 ஆயிடும், நிஜமாவே உள்ள எரிஞ்சு போற ஃபியூஸ், அதுக்கப்புறம் ஒரிஜினல் சாஃப்ட்வேர் போட்டாலும் திரும்பாது. செக்யூர் ஃபோல்டர், சாம்சங் பே (இப்போ சாம்சங் வாலட்) ரெண்டும் அந்த போன்ல நிரந்தரமா போச்சு. இப்போ சாம்சங்கோட ஒன் யூஐ 8 வெர்ஷன்ல அன்லாக் வசதியையே எடுத்துட்டாங்க. சாம்சங்ல முதல் தடவை கத்துக்க வேண்டாம்.

இப்ப சித்தி பையன் கேட்ட கேள்விக்கு வர்றேன், எந்த முறை.

அவன் கிளாஸ் பசங்க சொன்னது கிங்ரூட், கிங்கோ ரூட் மாதிரி ஒரே பட்டன் ஆப். ஒரு காலத்துல இது நெஜமாவே வேலை செஞ்சது. 2008ல வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் ஜி1ல ஒரு பிழை இருந்துச்சு, நீங்க கீபோர்டுல எங்க எதை அடிச்சாலும் அது பின்னாடி ஒரு ரூட் ஷெல்லுக்கும் (ரூட்டா கட்டளை ஓடுற எடம்) போகும், நண்பருக்கு மெசேஜ்ல ரீபூட்னு அடிச்சா போன் ரீபூட் ஆயிடும். 2014ல ஹேக்கர் ஜார்ஜ் ஹாட்ஸ் டவல்ரூட்னு ஒரு ஆப் விட்டாரு, கெர்னல்ல இருந்த ஒரு ஓட்டையை வெச்சு கேலக்சி எஸ்5 வரைக்கும் ஒரே தட்டுல ரூட் ஆச்சு. இந்த வகை எல்லாமே ஓட்டையை நம்பித்தான் இருந்துச்சு. 2015 ஆகஸ்ட்ல இருந்து கூகுள் மாசாமாசம் செக்யூரிட்டி பேட்ச் குடுக்க ஆரம்பிச்ச பிறகு ஓட்டை கிடைக்கிறதும் கஷ்டம், கிடைச்சாலும் சீக்கிரம் அடைபடுது. இன்னைக்கு ஒரு ஆப் "எந்த போனா இருந்தாலும் ஒரே தட்டுல ரூட்"னு சொன்னா அதைத் தொடாதீங்க. சோர்ஸ் கோடு வெளிய இல்லாத ஒரு ஆப்புக்கு போனோட மொத்த சாவியையும் குடுக்கிறோம்னு யோசிச்சுப் பாருங்க, ரூட் ஆகலைன்னா தப்பிச்சோம், ஆயிட்டா அது உள்ள என்ன பண்ணுதுன்னு நமக்கு எப்பவுமே தெரியப் போறதில்ல.

மிச்சம் இருக்கிறது மூணு கருவி, மேஜிஸ்க், கெர்னல்எஸ்யூ, ஏபேட்ச். மூணுக்கும் அன்லாக் வேணும், மூணும் இலவசம், மூணோட சோர்ஸ் கோடும் கிட்ஹப் வெப்சைட்ல இருக்கு.

மேஜிஸ்க் 2016ல ஜான் வூ எழுதினது, மேஜிக் மாஸ்க்குங்கற பேரோட சுருக்கம். அதுக்கு முன்னாடி செயின்ஃபயர்ங்கற டெவலப்பரோட சூப்பர்எஸ்யூங்கற ரூட் ஆப்தான் எல்லார் போன்லயும் இருந்துச்சு, அந்தக் காலத்துல சிஸ்டம் பார்ட்டிஷனுக்குள்ளயே ஃபைலைத் திணிப்பாங்க. மேஜிஸ்க் சிஸ்டத்தைத் தொடாது, பூட் ஃபைலை மட்டும் மாத்தி, போன் ஆன் ஆகுறப்போ சிஸ்டத்துக்கு மேல ஒரு திரை மாதிரி தன்னோட மாற்றத்தை விரிக்கும். திரையை எடுத்தா கீழ ஒரிஜினல் அப்படியே இருக்கு. முதல் தடவை பண்றவங்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி, தப்பாப் போனா ஒரிஜினல் பூட் ஃபைலைத் திரும்ப ஏத்தினா போதும். ஒரு ஆப் ரூட் கேட்டா ஸ்கிரீன்ல பெட்டி வந்து அனுமதி குடுக்கவா வேண்டாமான்னு கேக்கும், யாரு எப்ப கேட்டாங்கன்னு கண்ணால பாக்கலாம்.

கெர்னல்எஸ்யூ அப்படி இல்ல, கெர்னலுக்குள்ளயே போய் உக்காந்துடுது. அதோட மேனேஜர் ஆப்ல நாம போய் ஒவ்வொரு ஆப்புக்கும் அனுமதி குடுக்கணும், குடுக்காத ஆப்புக்கு ரூட்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. அழகான வடிவமைப்பு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா ரெடிமேடா வேலை செய்யறது கெர்னல் 5.10 அல்லது அதுக்கு மேல இருக்கிற ஜிகேஐ (கூகுளோட பொதுவான கெர்னல்) போன்களுக்குத்தான், பொதுவா ஆண்ட்ராய்டு 12 அல்லது அதுக்கு மேலோட வெளிய வந்த போன்கள். அபௌட் போன்ல கெர்னல் வெர்ஷன்னு இருக்கும், 4ல ஆரம்பிச்சா இது உங்களுக்கு இல்ல, யாராவது உங்க போனுக்குன்னு தனியா கெர்னல் கட்டிக் குடுத்திருந்தாதான் ஆகும், முதல் தடவைக்கு அந்த வழில போகாதீங்க.

ஏபேட்ச் ரெண்டுக்கும் நடுவுல. பூட் ஃபைல்ல இருக்கிற கெர்னலை நேரடியா பேட்ச் பண்ணும், 3.18ல இருந்து 6ன் வரிசை வரைக்கும் பழைய கெர்னலுக்கும் ஆகும். ஆனா சூப்பர்கீன்னு ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், அதுக்கு ரூட்டை விட அதிகாரம் அதிகம், யாருக்காவது தெரிஞ்சா மொத்த போனும் அவங்களோடது. மேஜிஸ்க்ல ஒரு வருஷம் பழகினவங்களுக்கு சொல்லலாம், புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

என்கிட்ட கேட்டா முதல் தடவைக்கு மேஜிஸ்க். அதை விட நல்லது எதுவும் இல்லைங்கறதுக்காக இதைச் சொல்லல. ராத்திரி பதினோரு மணிக்கு போன் லோகோல நிக்கும்போது, அதே தப்பை உங்களுக்கு முன்னாடி ஆயிரம் பேரு பண்ணி பதிலும் எழுதி வெச்சிருக்கிறது மேஜிஸ்க்குக்குத்தான். இறக்கும்போது மட்டும் கிட்ஹப்ல இருந்து இறக்குங்க, மேஜிஸ்க் பேரை வெச்சு போலி வெப்சைட் நிறைய இருக்கு, ப்ளே ஸ்டோர்ல அது கிடையவே கிடையாது.

அன்லாக் பண்ணிட்டு ரூட் பண்ணாம லினியேஜ் ஓஎஸ் மாதிரி ஒரு கஸ்டம் ரோம் (கம்பெனி போட்டதுக்குப் பதிலா வேற ஆண்ட்ராய்டு) போடுறதும் ஒரு வழி. 2016 கடைசில சயனோஜன்மாட்ங்கற பழைய கஸ்டம் ரோம் மூடினதும் அதுல இருந்து வந்ததுதான் லினியேஜ். அதுல ரூட் கூட வராது, வேணும்னா தனியா மேஜிஸ்க் போட்டுக்கணும். கம்பெனி அப்டேட்டை நிறுத்திட்ட போனுக்கு புது ஆண்ட்ராய்டும் செக்யூரிட்டி பேட்ச்சும் வேணும்ங்கறதுதான் உங்க ஆசைன்னா ரூட்டை விட இதுதான் சரியான பதில். நிறைய பேரு ரூட் வேணும்னு கேக்கும்போது மனசுல இருக்கிறது இதுதான்.

இப்ப எந்த போன்ல. தினசரி போன் வேண்டாம்னு அவன்கிட்ட உறுதியா சொல்லிட்டேன். என் டிராயர்ல 2021ல வாங்கின ரெட்மி நோட் 10 ப்ரோ ஒண்ணு சும்மா கெடந்துச்சு, மூலைல கண்ணாடி கீறல் விட்டிருக்கு, மத்தபடி நல்ல போன். மியுஐ 14, ஆண்ட்ராய்டு 13, கெர்னல் 4.14. கெர்னல் நம்பரைப் பாத்த உடனே கெர்னல்எஸ்யூ போச்சு, மேஜிஸ்க்னு முடிவாச்சு. பழைய போன்ல இன்னொரு வசதியும் இருக்கு, கம்பெனி அப்டேட் நின்ன போன்ல ஒவ்வொரு மாசமும் ஓடிஏ (நெட் வழியா வர்ற சிஸ்டம் அப்டேட்) வந்து ரூட்டைக் கலைக்காது. தினசரி போன்ல பண்ணா ஒவ்வொரு அப்டேட்டுக்கும் புது பூட் ஃபைல் தேடி திரும்ப பேட்ச் பண்ணணும், அது ஒரு தனி வேலை.

அவன் தீபாவளி லீவுக்கு வந்தப்போ பண்ணோம். அன்லாக்குக்கு ஒரு வாரம் முன்னாடியே நான் அக்கவுண்ட் இணைச்சு வெச்சிருந்தேன், வைஃபை ஆஃப் பண்ணி சிம் டேட்டாலதான் இணைக்கணும். போனோட பில்ட் நம்பரைப் பேப்பர்ல எழுதி, ஒரு எழுத்து மாறாம அதே பில்டோட ஃபர்ம்வேரை (போனோட முழு சிஸ்டம் ஃபைல்) இறக்கி, அதுல இருந்து பூட் ஃபைலை எடுத்து போன்ல போட்டான். மேஜிஸ்க் ஆப்ல அந்த ஃபைலைக் காட்டினா கறுப்பு ஸ்கிரீன்ல வரி வரியா ஓடி, கடைசில எல்லாம் முடிஞ்சதுன்னு வந்து, பேட்ச் ஆன புது ஃபைல் டவுன்லோட்ஸ்ல விழுந்துச்சு. அதை கம்ப்யூட்டருக்கு எடுத்துட்டு, பவரையும் வால்யூம் கீழ் பட்டனையும் சேத்துப் பிடிச்சு ஃபாஸ்ட்பூட்டுக்குப் போனோம்.

கேபிளை மாட்டினா கம்ப்யூட்டர் போனைக் கண்டுக்கவே இல்ல. அவன் முகம் வாடிப் போச்சு. அது போன் தப்பு இல்ல, ஏஎம்டி பிராசசர் இருக்கிற சில கம்ப்யூட்டர்ல நீல யூஎஸ்பி 3 போர்ட்ல ஃபாஸ்ட்பூட் ஒழுங்கா பேசாது, ஒரு பழைய யூஎஸ்பி 2 ஹப் நடுவுல மாட்டின உடனே சரியாச்சு. ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் பூட்னு கட்டளை குடுத்து ஃபைல் பேரை அவனையே அடிக்க விட்டேன், ரெண்டு தடவை சரி பாத்துட்டு என்டர் தட்டினான், நாலு செகண்டு கூட ஆகல.

போன் ஆன் ஆனதும் கட்டளை அடிக்கிற டெர்மக்ஸ் ஆப்பைத் திறந்து எஸ்யூன்னு ரெண்டு எழுத்து அடிக்கச் சொன்னேன். மேஜிஸ்க் பெட்டி வந்து செகண்டு எண்ணிக்கிட்டே அனுமதி கேட்டுச்சு, குடுத்தான், வரி ஆரம்பத்துல இருந்த டாலர் குறி ஹாஷ் குறியா மாறிச்சு. அவ்வளவுதான் மாற்றம், அந்த ஒரே ஒரு குறி. அவன் அதைப் பாத்துக்கிட்டே இருந்தான். டேட்டா ஃபோல்டருக்குள்ள போய் ஒவ்வொரு ஆப்பும் தன் தன் எடத்துல என்ன வெச்சிருக்குன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் திறந்து திறந்து பாத்தான்.

அந்த பில்ட் நம்பர் விஷயத்துல நான் ஏன் இவ்வளவு கறாரா இருந்தேன்னா, என் முதல் தடவைல ஒரு வெர்ஷன் பழைய பூட் ஃபைலை ஏத்திட்டேன். போன் ஆன் ஆச்சு, ஆனா வைஃபை ஆன் ஆகல, ஸ்பீக்கர்ல சத்தம் இல்ல. கெர்னல் ஒரு வெர்ஷன், அதோட வைஃபை, சவுண்டு டிரைவர் மாட்யூல் வேற வெர்ஷன், ரெண்டும் ஒட்டல. போன் போச்சுன்னே நெனச்சேன். சரியான பில்டோட ஒரிஜினல் பூட் ஃபைலைத் தேடி ஏத்தினதும் பத்தே நிமிஷத்துல எல்லாம் திரும்பி வந்துச்சு. அதனால மாத்தாத பூட் ஃபைலை, பில்ட் நம்பரையே பேரா வெச்சு, கம்ப்யூட்டர்லயும் பென்டிரைவ்லயும் ரெண்டு எடத்துல வெச்சுக்கிட்டுதான் ஆரம்பிக்கணும்.

இன்னும் ரெண்டு விஷயத்துல போன் திரும்பி வராம போக வாய்ப்பு இருக்கு. ஒண்ணு, பழைய ஃபர்ம்வேருக்கு இறங்குறது. ஆன்டி ரோல்பேக்னு ஒரு எண் உள்ள இருக்கு, அதை விடக் குறைஞ்ச ஃபர்ம்வேர் ஏத்தினா சில போன் மொத்தமா செத்துடும், 2018ல ரெட்மி நோட் 5 ப்ரோ வெச்சிருந்த நிறைய பேருக்கு இது நடந்துச்சு. ரெண்டாவது, ரூட்டோ கஸ்டம் ரோமோ இருக்கும்போதே பூட்லோடரைத் திரும்ப லாக் பண்றது. கையெழுத்து பொருந்தாத ஃபைல் உள்ள இருக்கு, கதவையும் பூட்டிட்டோம்னா போன் எதையும் ஓட விடாது. முழுசா ஒரிஜினலுக்கு வந்து, ஒரு தடவை ஒழுங்கா ஆன் ஆகுதான்னு பாத்த பிறகுதான் லாக்.

மாட்யூல் போட்டு லோகோல நின்னா பயப்பட வேண்டாம், ஆண்ட்ராய்டு சேஃப் மோடுக்குள்ள ஒரு தடவை போயிட்டு வந்தா மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் ஆஃப் பண்ணிடும், அப்புறம் ஒண்ணொண்ணா ஆன் பண்ணி எது தப்புன்னு கண்டுபிடிச்சுக்கலாம். அவன் ஊருக்குப் போன மூணாவது நாளே இப்படி ஒண்ணுல மாட்டிக்கிட்டு கூப்பிட்டான், பேசிட்டு இருக்கும்போதே சரி பண்ணிட்டான்.

இப்ப அந்த ரெட்மி அவன் ஹாஸ்டல்ல மேஜை ஓரத்துல சார்ஜர்லயே இருக்கு, ஏசிசி போட்டிருக்கான், 80ல நின்னுக்குது. தினசரி போன்ல பிரைவேட் டிஎன்எஸ்ஸும் கான்டாவும் மட்டும், பூட்லோடர் பூட்டியபடியே இருக்கு, மெஸ் பில்லு அதுலதான் கட்டுறான். நேத்து கூப்பிட்டு "அண்ணே, இதுல லினியேஜ் போட்டா மேஜிஸ்க் திரும்ப போடணுமா?"னு கேட்டான். ஆமாம்டா, லினியேஜோட பூட் ஃபைலை எடுத்து அதைத்தான் பேட்ச் பண்ணணும், பழைய மியுஐ ஃபைலை எடுத்து ஏத்திடாதேன்னு சொன்னேன்.